வலிப்புக் குளிசை எடுக்கும் பெண் பிள்ளை பெறத் திட்டமிடும்போது: படிமுறை வழிகாட்டி

வலிப்புக்குக் குளிசை எடுக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் எந்தக் குறைபாடும் இல்லாமலே பிறக்கிறார்கள். ஆயினும் சில வலிப்பு மருந்துகள் கருவிலிருக்கும் பிள்ளையின் முள்ளந்தண்டையும் இதயத்தையும் உதட்டையும் அண்ணத்தையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியவை. உடலுறுப்புகளில் ஏற்படும் பாதிப்பின் பெரும்பகுதி, தாய் தன் கர்ப்பத்தை உறுதிசெய்து கிளினிக்குக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளிப் பகுதிகளிலும் இப்படியான பெண்களுக்குத் துணையாகக் கிளினிக் வரை போய் வந்ததில், ஒரே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். முதலில் கருத்தடையை நிறுத்துகிறார்கள், பிறகு கர்ப்பமாகிறார்கள், பயந்துபோய்க் குளிசையை விடுகிறார்கள், கடைசியாகத்தான் வைத்தியரிடம் வருகிறார்கள். இந்த ஒழுங்கை முழுவதும் தலைகீழாக்குவதே கீழேயுள்ள படிகளின் நோக்கம்.

இதை வாசிக்கும்போதே நீங்கள் கர்ப்பமாக இருந்தால், குளிசையை இன்றும் வழமைபோல எடுத்துக்கொண்டு நேராக 7ஆம் படிக்குச் செல்லுங்கள்.

1. எடுக்கும் குளிசையின் சரியான பெயரை அறிதல்

"வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று, இரவில் இரண்டு" என்ற அளவில்தான் பலருக்குத் தங்கள் மருந்தைத் தெரியும். கிளினிக்கில் காகித உறையில் போட்டுத் தரப்படும் குளிசையில் பெயர் இருப்பதில்லை என்பதால் இது அவர்களின் குற்றமும் அல்ல. மருந்து கொடுக்கும் இடத்திலேயே பெயரையும் ஒரு குளிசையின் மில்லிகிராம் அளவையும் கேட்டு, கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் தெளிவாக எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

வணிகப் பெயரும் மருந்தின் பெயரும் வேறு. எபிலிம் என்பது சோடியம் வல்புரோவேற். டெக்ரெடோல் என்பது கார்பமசெபின். ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டில் இருந்து, இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும் ஆபத்தும் இதனால் நேர்கிறது.

வல்புரோவேற் வலிப்புக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இருதுருவ மனநோய்க்கும் சிலவேளை ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படுகிறது. "எனக்கு வலிப்பு இல்லையே" என்று ஒதுங்கிவிடாமல், மனநல கிளினிக்கில் மருந்து எடுக்கும் பெண்களும் இந்தப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

2. அந்த மருந்தின் ஆபத்து எவ்வளவு என்று அறிதல்

எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளிலும் 2 அல்லது 3 பிள்ளைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். இந்த அடிப்படை எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற எண்களை வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு எண்ணும் அளவுக்கு மீறிப் பயமுறுத்தும்.

பல நாடுகளின் கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் யூராப் பதிவேடு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியாக எடுக்கப்பட்ட ஒவ்வொரு மருந்துக்கும் பெரிய பிறவிக் குறைபாடுகளின் வீதம் இவ்வாறு அமைந்தது: வல்புரோவேற்றுக்கு 100க்கு 10.3, பினோபார்பிட்டோனுக்கு 6.5, பெனிடொயினுக்கு 6.4, கார்பமசெபினுக்கு 5.5, டொபிரமேற்றுக்கு 3.9, லமோட்ரிஜினுக்கு 2.9, லெவெட்டிரசெட்டத்துக்கு 2.8. கடைசி இரண்டும் மருந்தே எடுக்காத தாய்மாரின் அளவுக்கு மிக அருகில் இருப்பதால்தான், கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு வைத்தியர்கள் முதலில் அவற்றை எண்ணிப் பார்க்கிறார்கள்.

அளவும் முக்கியமானது. அதே பதிவேட்டில், நாளொன்றுக்கு 650 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ வல்புரோவேற் எடுத்தவர்களின் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 6 பேருக்கும், 1450 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களின் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 25 பேருக்கும் குறைபாடு இருந்தது. மருந்தை மாற்றவே முடியாத பெண்ணுக்கும், அளவைக் குறைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்பதில் பயன் உண்டு என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

குறைபாடுகளின் தன்மையும் மருந்துக்கு மருந்து மாறும். வல்புரோவேற் முள்ளந்தண்டு மூடாமை, இதயக் குறைபாடு, அண்ணப் பிளவு, ஆண் பிள்ளையின் சிறுநீர்த் துவாரம் இடம்மாறி அமைதல், கைகால் குறைபாடு ஆகியவற்றோடு தொடர்புடையது. கார்பமசெபினிலும் முள்ளந்தண்டு மூடாமைக்கான ஆபத்து உண்டு. ஆனால் அது வல்புரோவேற்றைவிடக் குறைவு. டொபிரமேற் உதட்டுப் பிளவோடும் குறைந்த பிறப்பு நிறையோடும், பினோபார்பிட்டோன் இதயக் குறைபாட்டோடும் தொடர்புபடுகின்றன.

வல்புரோவேற்றில் கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு இன்னும் பெரியது. கருவில் இந்த மருந்துக்கு உட்பட்ட 100 பிள்ளைகளில் 30 முதல் 40 பேர் வரை பேச்சு, நடை, நினைவாற்றல், கற்றல் ஆகியவற்றில் பின்தங்குகிறார்கள். ஓட்டிசத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. பிறக்கும்போது முழு நலமாகத் தோன்றும் பிள்ளையிலும் இது நேரலாம். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களோடு இந்த ஆபத்து முடிந்துவிடுவதும் இல்லை, ஏனெனில் மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இக்காரணங்களால் பிரித்தானியாவில் 2018 முதல், வேறு மருந்து பொருந்தாத நிலையில், கர்ப்பத்தைத் தவிர்க்கும் திட்டத்தோடு மட்டுமே கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கு வல்புரோவேற் கொடுக்கலாம் என்று விதிக்கப்பட்டது.

3. மருந்து ஒழுங்காகும்வரை கருத்தடையைத் தொடர்தல்

பிள்ளையின் முள்ளந்தண்டாக வளரும் குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். எனவே "கர்ப்பம் தங்கட்டும், பிறகு மருந்தை மாற்றலாம்" என்ற எண்ணம் காலம் பிந்தியது.

எந்தக் கருத்தடை என்பதிலும் கவனம் தேவை. கார்பமசெபின், பெனிடொயின், பினோபார்பிட்டோன் ஆகியவையும் கூடிய அளவில் டொபிரமேற்றும் கருத்தடைக் குளிசையினதும் கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியினதும் வலுவைக் குறைத்துவிடும். குளிசையைத் தவறாமல் எடுத்தும் கர்ப்பமான பெண்களில் சிலருக்குக் காரணம் இதுவே. லூப்பையும் மூன்று மாத ஊசியையும் இம்மருந்துகள் பாதிப்பதில்லை. மறுபுறம், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடைக் குளிசை இரத்தத்தில் லமோட்ரிஜினின் அளவைக் குறைத்து வலிப்பை வரவழைக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மருத்துவ மாதுவிடம் போகும்போது வலிப்புக் கொப்பியையும் எடுத்துச் செல்ல வேண்டியது இதற்காகத்தான்.

கணவர் வல்புரோவேற் எடுப்பவராயின் அதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை, கருத்தரிப்புக்கு முந்திய மூன்று மாதங்களில் தந்தை இம்மருந்தை எடுத்திருந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியில் ஓரளவு ஆபத்து இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. தாய் எடுப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. கணவரும் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது.

4. நரம்பியல் வைத்திய நிபுணரைச் சந்தித்தல்

சாதாரண கிளினிக் நாளில் நெரிசலுக்குள் "அடுத்த மாதக் குளிசை" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தால் இந்தப் பேச்சே எழாது. நீங்கள் பிள்ளை பெற விரும்புகிறீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திருமணம் பேசத் தொடங்கும் காலமே இதற்கு ஏற்றது. ஒரு வருடம் கையில் இருந்தால் நல்லது.

கொண்டு போக வேண்டியவை: கிளினிக் கொப்பி, பழைய ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு), ஸ்கேன் அறிக்கைகள், எடுக்கும் எல்லாக் குளிசைகளும், கடைசி வருடத்தில் வலிப்பு வந்த திகதிகள். வலிப்பை நேரில் கண்ட ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். வலிப்பின் போது என்ன நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. கண்டவர் சொல்லும் விபரத்தை வைத்தே வைத்தியர் வலிப்பின் வகையைத் தீர்மானிக்கிறார், வகையை வைத்தே மாற்று மருந்து தீர்மானமாகிறது. கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி இருந்தால் அது இன்னும் உதவும்.

கேட்க வேண்டியவை மூன்று. எனக்கு இன்னும் மருந்து தேவையா? தேவையென்றால் பிள்ளைக்கு ஆபத்துக் குறைந்த மருந்துக்கு மாற முடியுமா? முடியாதென்றால் ஒரே மருந்தாகவும் ஆகக் குறைந்த அளவாகவும் ஆக்க முடியுமா? பல வருடங்களாக வலிப்பே வராத சிலருக்கு முதற் கேள்வியிலேயே நல்ல பதில் கிடைப்பதுண்டு. மாறாக, சில வகை வலிப்புகளுக்கு வல்புரோவேற் மட்டுமே நன்றாக வேலை செய்யும். அப்படிப்பட்ட பெண்ணிடம் வைத்தியர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு என்று எடுத்துக்கொண்டு, விளக்கத்தைக் கேளுங்கள்.

கொழும்புக்கோ கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பப்பட்டால் பயணத்தையும் திட்டமிட வேண்டும். இரவுப் புகைவண்டியிலோ பஸ்ஸிலோ கண் விழித்துப் போவது வலிப்பைத் தூண்டக்கூடும். முடிந்தால் பகலில் போய் ஓர் இரவு தங்குங்கள். குளிசைகளைப் பெரிய பையில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.

கணவர் வீட்டாருக்கு வலிப்பு இருப்பது தெரியாது என்பதால் கிளினிக்குக்கே வராமல் விட்ட பெண்கள் இருக்கிறார்கள். கலியாணப் பேச்சில் இதை மறைக்கச் சொன்ன பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மறைக்கப்பட்ட நோய்க்கு மறைவாகவே குளிசை எடுக்க வேண்டியிருக்கிறது, மறைவாக எடுக்கும் குளிசை தவறுகிறது, தவறிய குளிசை சமையலறை அடுப்பருகிலோ கிணற்றடியிலோ வலிப்பாக வந்து தன்னைத் தானே வெளிப்படுத்திவிடுகிறது. குறைந்தபட்சம் கணவருக்கு, திருமணத்துக்கு முன்பே, சொல்லப்பட வேண்டும்.

5. மருந்து மாற்றத்துக்கு மாதங்களை ஒதுக்குதல்

ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாற முடியாது. புதியதை மெல்ல ஏற்றி, பழையதை மெல்ல இறக்குவார்கள். லமோட்ரிஜினை வேகமாக ஏற்றினால் உயிராபத்தான தோல் நோய் வரக்கூடும். வல்புரோவேற் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடும் என்பதால் இன்னும் மெதுவாகவே ஏற்றுவார்கள். ஏற்றும் காலத்தில் உடலில் கொப்புளமோ தடிப்போ கண்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். லெவெட்டிரசெட்டத்தில் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் வரும். வீட்டார் இதைக் குணமாற்றம் என்று திட்டாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மாற்றம் முடிந்தவுடன் கருத்தரிக்க அவசரப்பட வேண்டாம். கர்ப்பத்துக்கு முந்திய ஒன்பது மாதங்களில் வலிப்பு வராத பெண்களில் பெரும்பாலானோருக்குக் கர்ப்பகாலத்திலும் வலிப்பு வருவதில்லை. மாமியார் மாதாமாதம் விசாரிக்கும் வீட்டில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்; கணவரே முன்வந்து "வைத்தியர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்வது பெண்ணின் சுமையைக் குறைக்கும்.

தனியார் பாமசியில் மருந்து வாங்குவோர் முடிந்தவரை ஒரே தயாரிப்பையே தொடர்ந்து வாங்குங்கள். புதிய மருந்து அரச கிளினிக்கில் தொடர்ந்து கிடைக்குமா, கிடைக்காவிட்டால் மாதச் செலவு எவ்வளவு என்பதையும் மாறுவதற்கு முன்பே கேட்டறியுங்கள். பாதியில் கைவிடப்படும் மருந்து எந்த மருந்தைவிடவும் ஆபத்தானது.

6. போலிக் அமிலத்தை முன்கூட்டித் தொடங்குதல்

வலிப்பு மருந்து எடுக்கும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் போலிக் அமிலத்தை, கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும்வரை எடுக்கும்படி பிரித்தானிய மகப்பேற்று வழிகாட்டல் கூறுகிறது. புதுமணப் பெண்களுக்கு மருத்துவ மாது வழமையாகக் கொடுப்பது இதைவிடக் குறைந்த அளவு. ஆகவே வலிப்பு மருந்து எடுப்பதைச் சொல்லி, உங்களுக்குரிய அளவை வைத்தியரிடம் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

போலிக் அமிலம் எடுத்துவிட்டால் வல்புரோவேற்றின் தீங்கு இல்லாமற் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது அப்படிச் செய்யாது. 4ஆம், 5ஆம் படிகளுக்கு இது மாற்றீடல்ல.

7. கர்ப்பம் தெரிந்த நாளில் செய்ய வேண்டியவை

"பிள்ளைக்குக் கூடாதெண்டு குளிசையை விட்டுட்டன் மிஸி." இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து தாயின் உயிரையே பறிக்கலாம். உடல் முழுவதும் இழுக்கும் வலிப்பில் விழுந்து வயிற்றில் அடிபடலாம், பிள்ளைக்குப் போகும் ஒட்சிசனும் குறையலாம். அதே நேரம், நிறுத்திய அன்றைக்குப் பிள்ளையின் முள்ளந்தண்டு பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்கும். பெரிய ஆபத்தை வாங்கிச் சிறிய நன்மையையும் பெறாத செயல் அது.

குளிசையைத் தொடர்ந்துகொண்டே, அதே வாரத்தில் இரண்டு இடங்களுக்குச் செல்லுங்கள். முதலாவது, வலிப்புக்கு மருந்து தரும் கிளினிக்; அடுத்த திகதி தூரத்தில் இருந்தால் காத்திராமல் போய், கர்ப்பம் என்று சொல்லி முன்னதாகப் பார்க்கக் கேளுங்கள். வல்புரோவேற் எடுப்பவருக்கு இது அடுத்த நாளே செய்ய வேண்டிய வேலை. அளவைக் குறைப்பதா, நாளுக்குப் பல தடவையாகப் பிரிப்பதா, மாற்றுவதா என்பதை நிபுணர் தீர்மானிப்பார். இரண்டாவது, உங்கள் பகுதி மருத்துவ மாது. எட்டு வாரத்துக்கு முன்பே பதிவது நல்லது. கர்ப்பிணிப் பதிவேட்டில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அளவும் எழுதப்பட்டிருப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள், ஏனெனில் இரவு நேரத்தில் பிரசவ விடுதிக்கு வரும்போது அங்குள்ளவர்கள் பார்ப்பது அந்தப் பதிவேட்டையே.

8. ஸ்கேன்களுக்கு நாள் தவறாமல் போதல்

முதல் மூன்று மாத ஸ்கேன் பிள்ளையின் வயதைச் சரியாகக் கணிக்க உதவும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேன்தான் முள்ளந்தண்டு, இதயம், முகம், கைகால் ஆகியவற்றைப் பார்ப்பது. ஸ்கேன் எடுப்பவரிடம் எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எதைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியும். "பிள்ளை ஆடுது, இதயம் துடிக்குது" என்று சொல்லப்படும் சிறிய ஸ்கேனோடு திருப்திப்பட்டு இதைத் தவறவிடுவது வழமையான பிழை.

இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பிள்ளைக்குக் குறைபாடு இருப்பது சட்டத்தில் காரணமாகாது. ஆகவே ஸ்கேனின் பயன் ஆயத்தத்தில் இருக்கிறது. முள்ளந்தண்டு மூடாத பிள்ளை என்றோ இதயக் குறைபாடுள்ள பிள்ளை என்றோ முன்பே தெரிந்தால், சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அருகில் பிரசவத்தை ஒழுங்குசெய்யலாம். உதட்டுப் பிளவானால் பால் கொடுக்கும் முறையை முன்பே கற்றுக்கொள்ளலாம். கருத்தரிக்கும் முன் செய்யும் வேலையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கும் இந்தச் சட்டநிலை ஒரு காரணம்.

9. மாதங்கள் ஏறும்போது

கர்ப்பத்தில் உடல் லமோட்ரிஜினை மிக வேகமாக வெளியேற்றும். லெவெட்டிரசெட்டத்தின் அளவும் இரத்தத்தில் குறையும். நன்றாக இருந்தவருக்கு ஐந்தாம் ஆறாம் மாதத்தில் வலிப்பு வருவது இதனாலாக இருக்கலாம். வைத்தியர் அளவைக் கூட்டினால், "பிள்ளைக்குக் கூடும்" என்று பயந்து பழைய அளவையே எடுக்க வேண்டாம்.

குளிசை விழுங்கிச் சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதை முதற் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வையுங்கள். தூக்கமின்மையும் குளிசை தவறிய வேளைகளும் வலிப்பைத் தூண்டும் இரண்டு பெரிய காரணங்கள். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் கண் விழிப்பதையும், கந்தசஷ்டி உபவாசத்தையும், நோன்பு நாள்களில் பகல் வேளைக் குளிசை தள்ளிப்போவதையும் வைத்தியரோடும், தேவையெனில் குருக்களோடும் மௌலவியோடும் முன்பே பேசித் தீர்மானியுங்கள். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் இரண்டு மரபுகளிலும் விலக்கு உண்டு.

வலிப்பு வந்தால் வீட்டார் செய்ய வேண்டியது: இடது பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ மீண்டும் வந்தாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கையில் திறப்பையோ இரும்பையோ திணிப்பதும் வாய்க்குள் கரண்டி விடுவதும் காயத்தைத் தவிர எதையும் தருவதில்லை. வலிப்பு விரைவில் நின்றுவிட்டாலும் கர்ப்பிணியை அன்றே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். இருபது வாரத்துக்குப் பின் வரும் வலிப்பு, உயர் இரத்த அழுத்தத்தால் வருவதாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

10. பிரசவமும் பால் கொடுத்தலும்

வலிப்பு இருப்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணமல்ல. வலி தொடங்கி வைத்தியசாலைக்குப் போகும்போது குளிசைகளைக் கொண்டு செல்லுங்கள்; பிரசவ விடுதியில் வேளை தவறக் கூடாது. பிறந்தவுடன் பிள்ளைக்கு விற்றமின் கே ஊசி போடப்பட்டதா என்று கேளுங்கள். தாய் எடுக்கும் சில வலிப்பு மருந்துகள் பிள்ளையின் இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும் என்பதால் அது முக்கியம்.

தாய்ப்பால் கொடுக்கலாம், பெரும்பாலான மருந்துகளில் கொடுக்கவே ஊக்குவிக்கப்படுகிறது. பினோபார்பிட்டோன் எடுக்கும் தாயின் பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கினாலோ பால் குடிக்கச் சோர்ந்தாலோ காட்டுங்கள். கர்ப்பத்தில் கூட்டிய லமோட்ரிஜினைப் பிரசவத்துக்குப் பின் விரைவாகக் குறைக்க வேண்டும். அந்தத் திட்டத்தைப் பிரசவத்துக்கு முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைச்சுற்றும் தள்ளாட்டமும் வரும்.

பாயில் அமர்ந்து பால் கொடுப்பதும், நிலத்தில் வைத்து உடை மாற்றுவதும், தனியே இருக்கும்போது பிள்ளையைக் குளிப்பாட்டாமல் விடுவதும் பாதுகாப்பான பழக்கங்கள். இரவில் ஒரு வேளை பிள்ளையை அம்மாவோ மாமியோ கணவரோ பார்த்துக்கொண்டால், தாய்க்குத் தொடர்ந்து சில மணி நேரம் தூங்கக் கிடைக்கும்.

11. பிள்ளையின் வளர்ச்சியைக் கவனித்தல்

கருவில் வல்புரோவேற்றுக்கு உட்பட்ட பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் அந்த விபரம் எழுதப்பட வேண்டும். பேச்சுப் பிந்தினால் "அப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று ஆறுதல் சொல்லிக் காலத்தைக் கழிக்கும் வீடுகளே அதிகம். மருந்தின் விபரம் தெரிந்த வைத்தியர் அப்படிக் காத்திராமல் பேச்சுச் சிகிச்சைக்கும் சிறுவர் நல நிபுணருக்கும் முன்னதாகவே அனுப்புவார். குறைபாட்டோடு பிறந்த பிள்ளையின் தாயிடம் "நீ குடிச்ச குளிசையால்தான்" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தக் குளிசைதான் அவளை உயிரோடு வைத்திருந்தது. அடுத்த பிள்ளைக்கு முன் என்ன மாற்றலாம் என்பதை அவள் நிபுணரிடம் கேட்பதற்கு, யாராவது ஒருவர் அவளோடு கூடப் போக வேண்டும்.